இரண்டு வாசல் உள்ள ஸ்டேஷன்

மியாப்பூர், ஹைதராபாத்
12-6-2009

அன்புள்ள ஜுலைகா டீச்சர்,

நான்கு வருடங்களுக்கு முன் பரமக்குடி ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றிவிட வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "டீச்சர், நீங்க மகனுக்காகப் போறீகளா, அந்தப் பெரிய ஊருக்காகப் போறீகளா?" நான் யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்னும் விடை எழுதாமல் வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் இன்னொரு கேள்வி. வாரத்தில் மூன்று நாள் உங்கள் இபுராகிம் சாரை பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், டயாலிசிஸ் முடித்து, வாந்தியும் மயக்கமுமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. மகள் நஸ்ரின் இங்கே உப்பலில் தன் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிடுகிறாள். பெரிய ஊரில் இருக்கலாமா, கூடாதா என்று ஒரே வரியில் சொல்லச் சொல்கிறீர்கள்.

ஒரே வரியில் எனக்கு வராது. உதாரணத்தோடு சொல்கிறேன்.

உங்கள் மருமகன் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரி இருக்கிறதாம். என் மகன் சரத் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான். இது முதல் நன்மை. இரண்டாவது என் அனுபவம். என் வீட்டுக்காரர் போன பிறகு பரமக்குடியில் நான் சாயங்காலம் கடைக்குப் போனாலே "டீச்சர், தனியாவா?" என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே ஷூ போட்டுக்கொண்டு தினம் காலையில் நடக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இங்கே பெயர்கூட இல்லை. ஃப்ளாட் நம்பரை வைத்து நான் 402 ஆன்ட்டி. முதலில் அது பெரிய விடுதலையாக இருந்தது.

ஆனால் போன மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. பாருங்கள், நன்மையும் தீமையும் ஒன்றேதான், இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது, குளிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். பேத்தி அஸ்வினி நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், கோபம் வந்தால் "பாட்டி, நக்கோ" என்கிறாள். வேண்டாம் என்று அர்த்தம். மறுபக்கம், இங்கே கெட்டிக்காரப் பெண்கள் யாரையும் கேட்காமல் வேலைக்குப் போய் யாரையும் கேட்காமல் ஸ்கூட்டரில் திரும்புகிறார்கள். நம் மாணவிகள் எத்தனை பேரை பத்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கூட்டிப் பார்த்தால் நன்மையும் தீமையும் ஐந்துக்கு ஐந்து வருகிறது டீச்சர். ஆனால் ஒன்று நிச்சயம். நான் இருக்கிறேன். வாருங்கள்.

அன்புடன்,
கல்பகம்

*

பரமக்குடி
3-7-2009

அன்புள்ள டீச்சர்,

நான் கேட்டது ஒரு மார்க் கேள்வி. நீங்கள் எழுதியது பத்து மார்க் விடை. கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கிளம்புகிறோம். "கணக்கு டீச்சர் கூட்டிக் கழிச்சு ஐஞ்சுக்கு ஐஞ்சுன்னா, அங்கயும் இதே பாடுதான்னு அர்த்தம்" என்று அவுக சிரித்தாக. போஸ்ட் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தின கை, இப்போது சட்டைப் பித்தானைப் போட நடுங்குகிறது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கூட்டல் கழித்தல் தேவைப்படவில்லை.

வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு பக்தவத்சலம் சாரிடம் கொடுத்திருக்கிறேன். "ஆறு மாசத்துல திரும்பி வந்துருவீக பாருங்க" என்றார். என் அத்தா எனக்கென்று எழுதிக்கொடுத்த வீடு. விற்க மாட்டேன் என்று நஸ்ரினிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் காது இன்னும் மோசமாகிவிட்டது. நேரில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் கொசு பறக்கிற சத்தம்தான். அதனால் கடிதமே எழுதுங்கள். இன்னும் கொஞ்ச நாள்தானே. ஒரே ஊருக்கு வந்துவிட்டால் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசப்போகிறோம்.

ஜுலைகா

*

உப்பல், ஹைதராபாத்
20-9-2009

அன்புள்ள டீச்சர்,

வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் எங்கே?

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு ஸ்டாம்ப் ஒட்டி லெட்டர் போடுகிற ஆசிரியைகள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். அவுக தபாலைப் பார்த்துவிட்டு, "உள்ளூர் தபால் ரெண்டு நாள்ல வருது, உள்ளூர் சிநேகிதி ரெண்டு மாசமா வரலியே" என்கிறாக.

குறை சொல்லவில்லை. நல்லதைச் சொல்கிறேன். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். முகத்தில் ரத்தம் வந்திருக்கிறது. தானே பித்தான் போடுகிறாக. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண். அவுக மீன் கேட்டால் "நக்கோ அங்கிள், நக்கோ" என்று விரலை ஆட்டும். அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்து நான் வைக்கிற உப்பில்லாத ரசத்துக்கும் "நக்கோ" என்கிறாக.

நஸ்ரினும் மாப்பிள்ளையும் எட்டு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். வந்தும் லேப்டாப்பைத் திறந்துவிடுகிறார்கள். பாவம், அதுகளைக் குற்றம் சொல்ல முடியாது. வாடகை அப்படி. பகலெல்லாம் நானும் அவுகளும். எனக்குக் காது கேட்காது, அவுகளுக்குச் சத்தமாகப் பேசத் தெம்பில்லை. நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் கையால்தான்.

"நான் இருக்கிறேன்" என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைப் பைக்குள்தான் வைத்திருக்கிறேன்.

ஜுலைகா

*

மியாப்பூர்
11-10-2009

அன்புள்ள ஜுலைகா டீச்சர்,

கோபத்தை ஒத்துக்கொள்கிறேன். விடையாக ஒரு கணக்கைத் தருகிறேன். நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு பெண் காலை ஒன்பதரைக்கு மியாப்பூரில் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறாள். ஷேர் ஆட்டோவில் ஹஃபீஸ்பேட்டை, அங்கிருந்து லோக்கல் ரயிலில் செகந்திராபாத், பிறகு பஸ்ஸில் உப்பல், இறங்கி நடை. நெரிசல் இல்லாத நாளில் இரண்டரை மணி நேரம். பகல் மூன்றேகாலுக்கு அவள் பேத்தியின் பள்ளி வேன் வரும். வீட்டுப் பெரியவர் வாசலில் நிற்காவிட்டால் குழந்தையை இறக்க மாட்டார்கள், பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் பெண் தன் சிநேகிதியோடு எவ்வளவு நேரம் பேசலாம்?

முக்கால் மணி. வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றால், பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமே என்பீர்கள். சரத்துக்கும் மருமகள் ரக்ஷிதாவுக்கும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வெளியே போக நேரம். தண்ணீர் லாரி வரும் நாளும் அதுதான். "அம்மா, நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?" என்பாள் ரக்ஷிதா. அதிகாரமாகச் சொல்ல மாட்டாள். அன்பாகத்தான் சொல்வாள். அதனால்தான் மறுக்க முடிவதில்லை. முப்பத்து மூன்று வருடம் ஐம்பது பெண்களை ஒரு பார்வையில் அடக்கிய நான், "இந்த ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல நாலு வாரமாக ஒத்திகை பார்க்கிறேன்.

கணக்கில் ஒரு வழி இருக்கிறது. பாதி தூரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் செகந்திராபாத்தில் நமக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். நவம்பர் 18, புதன்கிழமை, சாருக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாள். பதினொன்றேகாலுக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். எலுமிச்சை சாதம் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கல்பகம்

*

உப்பல்
22-11-2009

டீச்சர்,

பதினொன்றுக்கே வந்துவிட்டேன். ஸ்டேஷன் வாசலில் டீக்கடைக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்ச். அதில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி வரை பார்த்தேன். பிறகுதான் இந்த ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கமும் ஒரு வாசல் உண்டு என்று டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். நம் பரமக்குடி ஸ்டேஷனுக்கு ஒரே வாசல். ஸ்டேஷன் என்றால் வாசல் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு மேம்பாலம் ஏறி, பத்து பிளாட்பாரத்தையும் தாண்டி அங்கேயும் பார்த்தேன். நீங்கள் இல்லை. நஸ்ரின் கொடுத்த செல்போன் பையில் இருந்தது. அது அடித்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மணிக்கு பஸ் ஏறிவிட்டேன். மருந்து கொடுக்கிற நேரம்.

வராததற்குக் காரணம் இருக்கும். அது போகட்டும். உங்களிடம் நேரில் கேட்க வந்ததை எழுதிவிடுகிறேன்.

நஸ்ரினும் மாப்பிள்ளையும் இங்கே ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு. அவுகளை நடத்தியே கூட்டிப்போய்விடலாம். வாடகையும் மிச்சம். ஆனால் என் பரமக்குடி வீட்டை விற்றால்தான் அது நடக்கும். நஸ்ரின் கட்டாயப்படுத்தவில்லை. "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு அடுக்களையில் போய் அழுகிறாள். ஊரில் வாங்க ஆள் தயார். டிசம்பர் 14 அன்று நான் மாப்பிள்ளைக்கு பவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நீங்களும் வீட்டை விற்றுவிட்டு வந்தவர். நல்லதா கெட்டதா என்று இந்த நாலு வருஷத்தில் ஒரு வரி எழுதினதில்லை. இப்போது எழுதுங்கள். விற்கவா, வேண்டாமா? அதற்குள் பதில் வராவிட்டால் நம் ஸ்டாஃப் ரூம் வழக்கப்படி வைத்துக்கொள்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சுற்றறிக்கையில் யாரும் மறுத்து எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்றுதானே அர்த்தம்.

ஜுலைகா

*

மியாப்பூர்
6-12-2009

அன்புள்ள ஜுலைகா டீச்சர்,

நான் வந்தேன். முதலில் இதை நம்புங்கள். ஒன்றாம் பிளாட்பாரப் பக்கத்து வாசலில் பன்னிரண்டு மணி வரை நின்றேன். செல்போனில் எட்டு தடவை கூப்பிட்டேன். ஒரு போர்ட்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உதர் பீ கேட் ஹை அம்மா" என்றார். பத்தாம் பிளாட்பாரப் பக்கமும் வாசல் இருக்கிறதாம். நானும் பரமக்குடிக்காரிதானே. எனக்கும் ஸ்டேஷன் என்றால் ஒரே வாசல். சாப்பாட்டுத் தூக்கோடு மேம்பாலம் ஏறி ஓடினேன். நீங்கள் சொல்கிற டீக்கடையையும் பார்த்தேன், பெஞ்சையும் பார்த்தேன். காலியாக இருந்தது. இங்கே மேம்பாலமும் இரண்டு. நான் ஒன்றில் உங்களைத் தேடி வந்த நேரத்தில் நீங்கள் இன்னொன்றில் என்னைத் தேடிப் போயிருக்கிறீர்கள்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன். வீணாக்க மனமில்லை.

உங்கள் கேள்விக்கு மூன்று தடவை விடை எழுதிக் கிழித்துவிட்டேன். தாமதத்துக்கு அதுதான் காரணம். ஆஸ்பத்திரி பக்கம் என்று ஒரு மதிப்பெண் போட்டால், சொந்த வீடு என்று எதிரே ஒன்று வந்து நிற்கிறது. திரும்பத் திரும்ப ஐந்துக்கு ஐந்து. அதனால் கணக்கை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு நாள் காலையில் ரக்ஷிதாவுக்கும் எனக்கும் வாய்த் தகராறு. சின்ன விஷயம். அஸ்வினியின் ஹோம்வொர்க்கில் ஒரு பெருக்கலைப் பழைய முறையில் சொல்லிக்கொடுத்தேன், பள்ளியில் தப்பு என்று அடித்துவிட்டார்கள். "அம்மா, ப்ளீஸ், உங்க மெத்தட் இங்க வேண்டாம்" என்றாள். சரத் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர்கள் ஆபீஸ் போனதும் பெட்டியில் நாலு புடவையை வைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். கேட் வரைக்கும் வந்தேன். எங்கே போவது? கையில் டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது. போக இடம் இல்லை. வாட்ச்மேன் நாற்காலியைக் கொடுத்து, "ஊருக்கா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். மூன்றேகால் வரை அந்த நாற்காலியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். வேன் வந்தது. குழந்தையை இறக்கிக்கொண்டு மேலே போய் அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் வீட்டைவிட்டுப் போனது இதுவரை யாருக்கும் தெரியாது.

விற்றதில் நான் இழந்தது சுவரும் கூரையும் இல்லை டீச்சர். கோபித்துக்கொண்டு போக ஓர் இடம். போகவே மாட்டோம், ஆனாலும் அது இருக்க வேண்டும். இருந்தால் பேசுகிற குரலே வேறு மாதிரி இருக்கும். அது போன பிறகுதான் என் குரல் சின்னதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

என் விடை: விற்காதீர்கள். வாடகை வீடாக இருந்தாலும் ஆட்டோவில் போனாலும் பரவாயில்லை. இது சரியான விடை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. சாரின் உடம்புக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேட்டீர்கள், ஒரே வரியில் எழுதிவிட்டேன்.

நாளைக் காலையில் முதல் வேலையாகத் தபாலில் சேர்க்கிறேன்.

கல்பகம்

*

உப்பல்
23-12-2009

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் 19-ம் தேதி கைக்குக் கிடைத்தது. தெலங்கானா போராட்டம் என்று இங்கே நாள்கணக்கில் பந்த். கடை இல்லை, பஸ் இல்லை, ஆனால் சைக்கிளில் வருகிற தபால்காரர்கூடவா இல்லை? "முப்பத்தாறு வருஷத்துல நான் கட்டின பை ஒண்ணு ஒரு நாள் பிந்தினதில்ல" என்று அவுகதான் ரொம்பவும் வருத்தப்பட்டாக. தன் இலாகா செய்த துரோகம் மாதிரி.

14-ம் தேதி பேசாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலையில் தபால்பெட்டியை இரண்டு தடவை பார்த்தேன். சுற்றறிக்கையில் நீங்கள் மறுத்து எழுதவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மேல் தப்பில்லை. என் மேலும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. யாரையாவது திட்டினால் ஆறிவிடும்.

உங்கள் கடிதத்தை அவுகளிடம் காட்டினேன். வாட்ச்மேன் நாற்காலி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாக. திரும்ப மாட்டிக்கொண்டு, "சரி விடு. நாம கோவிச்சுக்கிட்டுப் போக இனி ஒரு எடம்தான் இருக்கு. கல்பகம் டீச்சர் வீடு. ரெண்டரை மணி நேரம் ஆகும். போய்ச் சேர்றதுக்குள்ள கோவம் ஆறிரும்" என்றாக. சிரித்தோம். உங்களிடமும் சொல்லச் சொன்னாக.

பக்தவத்சலம் சார் சாவியைப் புதுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கார்டு போட்டிருக்கிறார். "ஆறு மாசம்னு சொன்னேன், அஞ்சு மாசத்துல முடிஞ்சுபோச்சு" என்று எழுதியிருக்கிறார்.

பிப்ரவரியில் புது ஃப்ளாட்டுக்குப் போகிறோம். ஆஸ்பத்திரி அடுத்த தெரு. அது நல்லதுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

ஜுலைகா

*

மியாப்பூர்
17-1-2010

அன்புள்ள ஜுலைகா டீச்சர்,

சார் சொன்னதைப் படித்து நானும் சிரித்தேன். அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சரத்துக்கு புனேவில் வேலை கிடைத்திருக்கிறது. ரக்ஷிதாவும் அங்கேயே மாற்றல் வாங்கிவிட்டாள். இந்த ஃப்ளாட்டை விற்கிறார்கள். அஸ்வினியின் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் கிளம்புகிறோம். எல்லாம் முடிவான பிறகு சாப்பிடும்போது சொன்னான். "அங்க க்ளைமேட் உங்களுக்கு நல்லா ஒத்துக்கும்மா" என்றான். நான் "சரி" என்றேன். என் பரமக்குடி வீடு இந்த ஃப்ளாட்டின் ஏதோ ஒரு சுவரில் இருக்கிறது. எந்தச் சுவர் என்று கேட்க முடியாது.

"நான் இருக்கிறேன், வாருங்கள்" என்று உங்களைக் கூப்பிட்டவள் நான். அந்த ஒரு வரியை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன் என்று எழுதினீர்கள். அந்த வரி மட்டும்தான் இப்போது தப்பாகிவிட்டது. சார் கோபித்துக்கொண்டு வர இருந்த ஒரே இடமும் போகிறது. அவரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை.

ரயில் ஜன்னலில் நீங்கள் கேட்ட கேள்விக்காவது விடை எழுதிவிடுகிறேன். மகனுக்காகத்தான் வந்தேன். இந்த ஊர் என்னைப் பொறுத்துக்கொண்டது. இப்போது அவன் போகிற இடத்துக்கெல்லாம் போகப்போகிறேன். அங்கே எனக்கு என்ன நம்பர் கொடுப்பார்களோ.

வேறு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளை மதுரை மகாலுக்குச் சுற்றுலா கூட்டிப்போவோமே, ஒவ்வொரு வருடமும் பஸ்ஸைவிட்டு இறக்கும் முன் வரிசையில் நிற்கவைத்து என்ன சொல்வோம்? "தொலைஞ்சு போனா ஓடாதே. நின்ன இடத்துலயே நில்லு. டீச்சர் தேடி வருவாங்க." ஒரு வருடம் இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு தூண் தூணாகச் சுற்றியது நினைவிருக்கிறதா? அரை மணி நேரம். நீங்கள்தான் ஒருத்தியைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். இரண்டே நிமிடத்தில் மற்றவள் வந்துவிட்டாள். இருபது வருடம் அதைச் சொல்லிக்கொடுத்த இரண்டு பேர், செகந்திராபாத்தில் ஆளுக்கொரு மேம்பாலத்தில் ஓடியிருக்கிறோம்.

ஏப்ரலுக்குள் எனக்கு எத்தனை புதன்கிழமை கிடைக்கும் என்று தெரியவில்லை. ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். வேன் வரும்போது வாசலில் நிற்க வாட்ச்மேனைக் கேட்டு, பள்ளிக்கும் கடிதம் கொடுத்துவிட்டேன். ரக்ஷிதாவிடம், "அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது" என்றேன். அவள் "ஓகேம்மா" என்றாள். அவ்வளவுதான். நாலு மாத ஒத்திகை.

ஜனவரி 27, புதன்கிழமை, பதினொன்றேகால். உங்கள் முட்டிக்கு மேம்பாலம் வேண்டாம். பத்தாம் பிளாட்பாரப் பக்கத்து வாசலில், டீக்கடைக்கு எதிரே, அதே சிமென்ட் பெஞ்சில் உட்காருங்கள். மணி பன்னிரண்டானாலும், ஒன்றானாலும், எந்தப் பக்கம் யார் கையைக் காட்டினாலும், எழுந்து என்னைத் தேடாதீர்கள்.

கல்பகம்